தெரிந்ததும் தெரியாததும்: எருமை என்றால் ஏச்சா?



சென்ற இதழில் கறிவேப்பிலைக் கன்றை மெல்பேண் குளிரிலிருந்து காப்பாற்றுவது எப்படி என்று எழுதியிருந்தோம். பலர் தங்கள் வீட்டுக் கன்றுகளின் சுகநலத்தைத் தெரிவித்திருந்தீர்கள். சந்தோஷம். இம்முறை செடியை விட்டு ஒரு விலங்குக்கு வருகிறோம்.

எங்கள் வீடுகளில் பிள்ளை சொல்வழி கேட்காவிட்டால் வாயில் முதலில் வருகிற சொல் எது? "எருமை!" பிள்ளை காலையில் எழும்பச் சுணங்கினால் எருமை. கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காவிட்டால் எருமை மாடு. ஊரில் இதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல்லோடு கூடவே ஒரு உருவமும் மனதில் வரும். குளத்துக்குள் மூக்கும் கொம்பும் மட்டும் தெரியக் கிடக்கும் கறுத்த உடம்பு, முதுகில் ஒரு கொக்கு. இங்கே பிறந்த பிள்ளைக்கு அது எதுவும் வராது. அதற்குத் தெரிந்த எருமை அந்த ஏச்சு ஒன்றுதான்.

ஆகவே பிள்ளைகள் ஒருநாள் "எருமை எண்டால் என்ன, அம்மா?" என்று கேட்டால் சொல்வதற்குக் கொஞ்சம் விசயம் இருக்கட்டும் என்றுதான் இம்முறை இதை எடுத்தோம். எடுத்த பிறகுதான் தெரிந்தது, இது சாதாரண விசயம் அல்ல; எங்கள் ஊர் எருமையின் பூர்வீகத்தைக் கண்டறிய நாடுவிட்டு நாடு விஞ்ஞானிகள் பாடுபட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு இதே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நடந்திருக்கிறது.

மழையும் எருமையும்

முதலில் ஒரு பழிச்சொல்லைத் தீர்த்துவிடுவோம். "எருமை மாட்டில் மழை பெய்தது போல" என்று சொல்வோம். சூடு சொரணை இல்லாதவன் என்று பொருள். ஆனால் எருமையின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் பசுவுக்கு இருப்பதைவிட மிகக் குறைவு. தோலும் கறுப்பு, வெயிலை இழுத்துக்கொள்ளும். எனவே வெக்கை அதற்குப் பெரிய ஆக்கினை. தண்ணீரும் சேறும்தான் அதற்குக் குளிர்விக்கும் இயந்திரம். மழை பெய்யும்போது அது அசையாமல் நிற்பது சுகத்தில். கோடை வெயிலில் தொழிற்சாலைத் தகரக் கூரையின் கீழ் எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்து குளிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரே மேசையில் இரண்டு எருமைகள்

நாம் வேலை செய்யும் தொழிற்சாலையில் மதிய இடைவேளைக்கு ஒரே மேசையில் வியட்நாம்காரர், பிலிப்பைன்ஸ்காரர், கிழக்குத் தீமோர்க்காரர், நாங்கள் என்று இருப்போம். ஆளாளுக்கு ஊர்க்கதை. ஒருநாள் பேச்சு எருமையில் வந்து நின்றது. எல்லோர் ஊரிலும் எருமை உண்டு. பிலிப்பைன்ஸ்காரருக்கு அது 'கலபாவ்', தீமோர்க்காரருக்குக் 'கறாவ்', மலாய் மொழியில் 'கெர்பாவ்'. இவை ஒன்றுக்கொன்று சொந்தக்காரச் சொற்கள் என்பது காதுக்கே தெரிகிறது. நாங்கள் எருமைத் தயிரின் அருமையைச் சொன்னோம். வியட்நாம்காரர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். "எருமையில் பால் கறப்பீர்களா? அது உழுவதற்கு அல்லவா?" என்றார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் அவர் ஊர் எருமையும் எங்கள் ஊர் எருமையும் ஒரே சாதி அல்ல. உலகத்து வளர்ப்பு எருமைகளை விஞ்ஞானிகள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று ஆற்று எருமை. இந்தியா, பாகிஸ்தான் தொடங்கி மேற்கே எகிப்து, இத்தாலி வரை பரவியது, பாலுக்குப் பேர்போனது. ஓடும் தெளிந்த தண்ணீர் அதற்கு விருப்பம். மற்றது சதுப்பு எருமை. சீனா, வியட்நாம், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளுக்கு உரியது. சேற்றில் புரள்வது, வயல் உழுவதே அதன் தொழில், பால் கன்றுக்குக் காணும்.

வித்தியாசம் வெளியில் மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கிறது. எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் 'நிறமூர்த்தம்' என்று ஒரு சொல்லைப் பாடமாக்கியது ஞாபகம் இருக்கிறதா? உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் நூல்துண்டு போல் இருப்பவை. தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் குணங்கள் எல்லாம் அந்த நூலில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மனிதருக்கு 46. பசுவுக்கு 60. ஆற்று எருமைக்கு 50. சதுப்பு எருமைக்கு 48. முன்னொரு காலத்தில் சதுப்பு எருமையின் மூதாதையில், ஆற்று எருமையில் 4ஆம், 9ஆம் இலக்கங்களாக எண்ணப்படும் இரண்டு நிறமூர்த்தங்கள் நுனியோடு நுனி ஒட்டி ஒன்றாகிவிட்டன. ஒவ்வொன்றும் சோடியாக இருப்பதால் இரண்டு குறைந்து 48 ஆயிற்று.

இரண்டு இனமும் சேர்ந்தால் கன்று பிறக்கும். அதற்கு 49. அது வளரும், ஈனும். ஆனால் கருத்தரிப்பதில் சற்றுக் குறைபாடு வரலாம். பசுவும் எருமையும் சேர்ந்து கன்று பிறப்பதில்லை. பட்டி வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி.

எங்கள் எருமை எந்தப் பக்கம்?

இனித்தான் சுவாரசியம். இலங்கை நாட்டெருமையைப் பார்த்தவர்கள் வெகுகாலம் அதைச் சதுப்பு எருமை என்றே எண்ணினார்கள். உருவம் அப்படி. குள்ளமான கட்டுடம்பு, பின்னோக்கி அகலமாக வளையும் கொம்பு, சேற்றில் புரளும் பழக்கம், கறக்கும் பாலும் சொற்பம். வட இந்தியாவின் முறா எருமைக்குச் சுருண்ட கொம்பு. குடம் குடமாகப் பால். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும்.

1970களில் இலங்கையில் ஆய்வாளர்கள் நாட்டெருமையின் நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்த்தார்கள். பின்னாளில் சிங்கப்பூரில் மருத்துவ ஆய்வில் உலகப் பேர்பெற்ற ஆரிப் பொங்சோ அவர்களில் ஒருவர். எண்ணிக்கை 50! தோற்றம் கிழக்கைக் காட்டிற்று, உள்ளே இருந்த நூலோ இந்தியப் பக்கத்தைக் காட்டிற்று.

எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டலாமா என்ற கேள்வி மிஞ்சியது. சிட்னியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 500 கிலோமீற்றர் தூரத்தில் ஆர்மிடேல் நகரம் இருக்கிறது. அங்குள்ள நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஸ்ருவேட் பாக்கர் என்பவர் மலேசிய ஆய்வாளர்கள் முதலானோருடன் சேர்ந்து ஆசிய நாடுகள் பலவற்றின் எருமைகளது இரத்தத்தைச் சேகரித்துப் புரதங்களையும் டி.என்.ஏ.யையும் ஒப்பிட்டார். அந்த ஆய்வுகள் 1997இல் வெளிவந்தன. இலங்கை எருமை ஐயத்துக்கு இடமின்றி ஆற்று எருமை வகையே என்று அவை உறுதிப்படுத்தின. அப்பகுதியால் காரில் போகும் எம்மவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்: படுவான்கரை எருமையின் உறவுமுறை தீர்க்கப்பட்டதில் அந்த ஊருக்கும் பங்குண்டு.

யார், எப்போது பழக்கினார்கள்?

காட்டு நீரெருமையே இரண்டுக்கும் மூதாதை. அது இன்றும் அசாமின் காசிரங்கா, மானஸ் காடுகளிலும், மத்திய இந்தியாவில் சத்தீஸ்கரிலும், நேபாளத்தின் கோசித் தப்புவிலும், தாய்லாந்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சியிருக்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு. (தமிழ்நாட்டு நூல்களில் 'காட்டெருமை' என்று வருவது பெரும்பாலும் வேறு விலங்கு, அது காட்டு மாட்டினம். குழம்ப வேண்டாம்.)

மனிதன் கயிறு போடுவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக, மேற்கத்திய காட்டெருமையும் கிழக்கத்திய காட்டெருமையும் பிரிந்துவிட்டன என்று டி.என்.ஏ. காட்டுகிறது. ஆகவே எருமையை மனிதர் ஒருமுறை அல்ல, இரண்டு முறை, இரண்டு இடத்தில், ஒருவரை ஒருவர் அறியாமல் பழக்கியிருக்கிறார்கள்.

ஆற்று எருமையைப் பழக்கியவர்கள் இந்தியத் துணைக்கண்டத்தவர்கள். ஐதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு அதன் காலத்தை ஏறத்தாழ 6,300 ஆண்டுகளுக்கு முன் என்றும், இடத்தைத் துணைக்கண்டத்தின் மேற்குப் பகுதி என்றும் கணித்தது. அவர்கள் படித்தது தாய் வழியாக மட்டும் வரும் டி.என்.ஏ.யை. அதாவது கன்று, தாய், தாயின் தாய், அவளின் தாய் என்று பின்னோக்கிப் போகும் வழி. பிறகு சிந்துவெளி மக்களின் முத்திரைகளில் எருமை வருகிறது. ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட மெசப்பொத்தேமிய முத்திரை ஒன்றில் வீரர்கள் எருமைக்குத் தண்ணீர் காட்டும் காட்சி இருக்கிறது. அது இப்போது பாரிஸ் லூவர் அரும்பொருட்சாலையில் உள்ளது. எருமை அந்தக் காலத்திலேயே நாடு கடந்துவிட்டது.

சதுப்பு எருமையைப் பழக்கியவர்கள் சீனாவின் தென் எல்லையும் இந்தோசீனாவும் சந்திக்கும் பகுதியில் நெல் விதைத்தவர்கள் என்பது இன்றைய பெரும்பான்மைக் கருத்து. காலம் 3,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு உட்பட்டது. முன்பு சீனாவில் அகழ்ந்தெடுத்த 7,000 ஆண்டுப் பழைய எருமை எலும்புகளைக் காட்டி, அங்கேதான் முதலில் பழக்கினார்கள் என்றார்கள். 2008இல் சீனத்துப் பழைய எலும்புகளின் டி.என்.ஏ.யைப் பார்த்தபோது அவை அழிந்துபோன வேறொரு காட்டினம் என்று தெரியவந்தது. ஆக, எலும்பு மட்டும் போதாது, தோற்றம் மட்டும் போதாது.

2021இல் ஆய்வாளர்கள் சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், இரண்டையும் தனித்தனி இனங்களாகவே கொள்ள வேண்டும் என்றும், சதுப்பு எருமைக்கு 'கெராபாவ்' என்ற மலாய்ப் பெயரையே விஞ்ஞானப் பெயராக்க வேண்டும் என்றும் முன்மொழிந்தார்கள். எங்கள் மதிய மேசையில் வியட்நாம்காரர் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. அவர் முப்பாட்டன் ஒன்றைப் பழக்கினார், எங்கள் முப்பாட்டன் இன்னொன்றை.

தமிழர் இதை எப்படி மதித்தார்கள்? சங்ககாலத்தவர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோது, வயலும் வயல் சார்ந்த இடமுமான மருதத்துக்கு உரிய விலங்காக வைத்தது எருமையை. நெல் விளையும் நிலத்தின் விலங்கு அது. நீலகிரியில் தோடர்கள் தங்கள் வாழ்வு முழுவதையும் எருமையைச் சுற்றியே அமைத்துக்கொண்டவர்கள். தோடர் எருமை தனி இனமாகவே அங்கீகரிக்கப்பட்டுள்ளது. அவர்களிடம் போய் "எருமை" என்று ஏசினால் ஏச்சு என்றே விளங்காது.

அவுஸ்திரேலியாவுக்கு வந்த கதை

இந்த நாட்டில் எருமை இருந்ததே இல்லை. 1824இல் ஆங்கிலேயர் வடக்கே மெல்வில் தீவில் ஒரு கோட்டை கட்டினார்கள். பின்னர் இராபிள்ஸ் குடாவில் ஒன்று, 1838இல் போட் எசிங்டனில் ஒன்று. இறைச்சிக்கும் வேலைக்குமாகத் தீமோர் முதலிய தீவுகளிலிருந்து கப்பலில் எருமை கொண்டுவந்தார்கள். 1825க்கும் 1843க்கும் இடையில் வந்தவை எல்லாமாக ஏறத்தாழ 80. எருமைக்கு விசா கேட்டவர் இல்லை. குடியேற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. கடைசியாகப் போட் எசிங்டன் 1849இல். மனிதர் கப்பலேறிப் போனார்கள். எருமை நின்றுவிட்டது.

1845இன் இறுதியில், குவீன்ஸ்லாந்துப் பக்கமிருந்து காடு கடந்து வந்த லைக்காட் என்ற ஜேர்மன் நாட்டு ஆய்வுப் பயணியின் குழு, போட் எசிங்டனை அடையுமுன் எருமையைச் சுட்டுப் பசியாறியது. அப்பகுதிப் பூர்வீக மக்கள் எருமைக்குத் தங்கள் மொழியில் பெயரே வைத்துவிட்டார்கள்: 'ஙனபறு'. நாம் அரிச்சுவடியில் எழுதிப் பழகிப் பிறகு கைவிட்ட 'ங' என்ற எழுத்தில் தொடங்கும் சொல்!

1880கள் தொடக்கம் 1950களின் நடுப்பகுதிவரை வட பிராந்தியத்தில் எருமைத் தோல் பெரிய வியாபாரம். குதிரையில் போய்ச் சுடுவது, உரிப்பது, உப்பிடுவது என்ற கடும் வேலைகளில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பூர்வீக மக்கள்தான். தோல் விலை விழுந்ததும் எருமை பெருகிற்று. 1980களின் நடுவில் வட பிராந்தியத்தில் 3 இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். ஏறக்குறைய அத்தனையும் அந்த 80இன் வழித்தோன்றல்கள், அதாவது சதுப்பு எருமைகள்.

பெருகியதால் சேதமும் வந்தது. ககாடு முதலிய தாழ்நிலங்களில் எருமை நடந்து நடந்து வாய்க்கால் விழுந்தது. அதன் வழியே கடல்நீர் நன்னீர்ச் சதுப்புக்குள் ஏறி மரங்கள் பட்டுப்போயின. இதற்கிடையே மாட்டுக் காசநோயையும் புரூசெல்லா நோயையும் ஒழிக்க 1970 முதல் 1997 வரை நாடு தழுவிய திட்டம் நடந்தது. அதில் எருமைகள் பெருவாரியாக அழிக்கப்பட்டன. 1997இன் முடிவில் அவுஸ்திரேலியா மாட்டுக் காசநோய் அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. பிறகு ஆர்னம் நிலத்தில் எருமை மீண்டும் பெருகிவிட்டது. பூர்வீக மக்களுக்கு இன்று அது வேட்டை உணவு. அதேநேரம் அவர்களின் நிலத்தைக் கெடுப்பதும் அதுவே. இரண்டும் உண்மை.

எங்கள் பக்கத்து ஆற்று எருமை இங்குள்ள இன்றைய பண்ணைகளுக்கு வந்தது மிகப் பிந்தி, 1990களின் நடுப்பகுதியில். அதுவும் நேரே வரவில்லை. விக்டோறியாவின் மேற்குக் கரையோரத்து யம்பக்கில் பாற்பண்ணைக்காக வந்தவை இத்தாலியிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் வந்தவை. வட பிராந்திய அரசின் பியற்றிஸ் ஹில் பண்ணைக்கு வந்தவை அமெரிக்காவிலிருந்து. துணைக்கண்டத்தில் பழக்கிய எருமை ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் சுற்றிக்கொண்டு வந்து, பியற்றிஸ் ஹில்லில் தீமோர் வழி வந்த எருமையோடு சேர்க்கப்பட்டது. ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிரிந்திருந்த இரண்டு கிளைகளும் அவுஸ்திரேலியப் பண்ணை ஒன்றில் சந்தித்தன!

கடையில் 'மொசரெல்லா' என்ற வெள்ளைப் பாற்கட்டியைப் பார்த்திருப்பீர்கள். இத்தாலியில் அதன் மூல வகை எருமைப்பாலில் செய்வது. எருமைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 வீதம், பசுப்பாலில் 4 வீதமளவு. அதனால்தான் எங்கள் தயிர்ச்சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது. அதே சரக்குக்கு இத்தாலியப் பெயர் வைத்தால் விலை என்ன என்று ஒருமுறை பாருங்கள்.

ஊரில் மிஞ்சுவது என்ன?

வன்னியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் எருமை இல்லாமல் வயல் இல்லை என்றிருந்த காலம் எங்கள் தாய் தகப்பனின் காலம்தான். சேறு உழக்குவது எருமை, களவெட்டியில் சூடு மிதிப்பது எருமை. பிறகு உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்ரரும் வந்தன. எருமையின் வேலை போயிற்று. பால் கூட வேண்டும் என்று முறா போன்ற இந்திய இனங்களோடு கலந்தார்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனம் பட்டிகளை விட்டுவிட்டு ஓடியது. 2009இல் வன்னியில் நடந்ததை நாம் எழுதித் தெரிய வேண்டியதில்லை. நாட்டெருமை நாளுக்கு நாள் குறைந்துவருகிறது.

குறைந்தால் என்ன, பால் கறக்கும் எருமை வந்தால் நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். பாலுக்கு நல்லதுதான். ஆனால் கோடையில் காய்ந்த புல்லையும் வைக்கோலையும் தின்று, ஊர் நோய்க்கு ஈடுகொடுத்து, உழவுக்கும் நின்ற குணங்கள் அந்த நாட்டெருமையின் நூலில் எழுதப்பட்டிருப்பவை. பல நூறு தலைமுறை உழவர்கள் தெரிந்தெடுத்துச் சேர்த்த சொத்து. ஒருமுறை அழிந்தால் காசு கொடுத்து எங்கும் வாங்க முடியாது.

எருமையைக் காப்பது ஊரில் உள்ளவர்கள் கையில். எருமையைப் பற்றிய அறிவைக் காப்பது எங்கள் கையிலும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்பப்பாவோ அம்மம்மாவோ இருந்தால், ஊரில் பட்டி வைத்திருந்தவர்களாக இருந்தால், இந்தச் சனி ஞாயிறில் ஒரு கொப்பியோடு பக்கத்தில் இருங்கள். பிள்ளைகளையும் இருத்துங்கள். எருமையை எப்படிக் கூப்பிடுவார்கள்? ஓட்டும்போது என்ன சத்தம் போடுவார்கள்? கொம்பின் வளைவுக்கு ஏற்ப என்ன பெயர் சொல்வார்கள்? களவெட்டியில் நெல்லைப் 'பொலி' என்பார்களே, அப்படி வேறு என்ன சொற்கள் இருந்தன? தயிருக்கு எந்த நேரம் உறை போடுவார்கள்? விஞ்ஞானிகள் இரத்தத்தில் படிக்க முடியாதவை இவை. ஒரு தலைமுறைக்குள் போய்விடும்.

எழுதியதை ஆசிரியருக்கு அனுப்புங்கள், கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. நாமும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள்தான். வருகிறவற்றைச் சேர்த்து, ஊர்ப் பெயரோடு இந்தப் பக்கத்தில் பிரசுரிப்போம். படுவான்கரைக்காரர் முந்துகிறார்களா, வன்னிக்காரர் முந்துகிறார்களா என்று பார்ப்போம்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.